சாகரராஜாவின் கொக்கி

காலை 5.50

விமானத்தின் வாலடியில் கொக்கி இல்லை.

முந்தின நாள் பின்னேரம் இருந்தது. அதன் முன்னால் நின்று பதினேழு பேர் படம் எடுத்திருந்தார்கள். இப்போது நான்கு துளைகள் மட்டும் இருந்தன. கழற்றிய நான்கு போல்ட்டுகளும் கீழே ஒரு கடதாசியின் மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கள்ளன் ஒழுங்கான ஆள்.

விமானத்தின் பெயர் சாகரராஜா. முக்கிய அதிகாரிகளை ஏற்றிச் செல்வதற்கென்றே வாங்கிய இராணுவ ஜெட். பன்னிரண்டு தோல் இருக்கைகள், சமைக்கச் சின்னதாய் ஒரு குசினி, எல்லாவற்றுக்கும் மேலாக விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் வல்லமை. கப்பலின் தளத்தில் குறுக்கே ஒரு கம்பி கட்டியிருப்பார்கள். வாலில் உள்ள கொக்கி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். விமானம் கடலில் விழாமல் நிற்கும். நாட்டில் விமானந்தாங்கிக் கப்பல் எதுவும் இல்லை. இதை ஒரு பத்திரிகையாளர் கேட்டபோது, முக்கியஸ்தர் வான்பயணப் பணியகத்தின் பணிப்பாளர், "கப்பல் பிறகு வரும்" என்றார். பத்திரிகையாளர் எழுதிக்கொண்டார்.

கப்பல் வரும்வரைக்கும் வன்னியில் உள்ள நாவல்முறிப்பு.

யுத்த காலத்தில் பதினான்கு குடும்பங்களின் வயலை மூடிப் போட்ட ஓடுபாதை அது. யுத்தம் முடிந்தது, காணிக் கதை முடியவில்லை. பதிலுக்கு அந்தக் குடும்பங்களுக்குப் பணியகம் ஒரு சலுகை செய்தது. மாசி அறுவடையில் ஓடுபாதையின் கிழக்கு முனையில் அவர்கள் நெல் காயவிடலாம். அதற்குப் பாஸ் எடுக்க வேண்டும். தங்கள் காணியில், தங்கள் நெல்லை, தங்கள் வெயிலில்.

இன்று பதினொரு மணிக்கு அமைச்சர் முன்னிலையில் செய்முறை விளக்கம். ஓடுபாதைக்குக் குறுக்கே கம்பி கட்டியாகிவிட்டது. சாகரராஜா ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கி, கொக்கியால் அந்தக் கம்பியைப் பிடித்து நிற்கும். தொலைக்காட்சி காட்டும்.

கொக்கியைத்தான் காணவில்லை.

காலை 6.35

கொக்கி கிடைத்தது. ஓடுபாதை முனையில் பதினான்கு நெற்குவியல்கள், ஒவ்வொன்றும் தார்ப்பாய்ப் படங்கால் மூடியபடி. வேலியோரக் கடைசிக் குவியலுக்குள் இருந்தது கொக்கி. குவியலின் சொந்தக்காரர் வீரையா. வயது ஐம்பத்தெட்டு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர். ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறார். வயல் வேலை இல்லாத மாதங்களில் பழைய இரும்பு பொறுக்குகிறார்.

பழைய இரும்பு பொறுக்குகிறார் என்பதோடு பணியகத்தின் விசாரணை முடிந்தது.

காலை 7.20

சப்-இன்ஸ்பெக்டர் அருந்ததி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். தண்ணீரூற்று ஊர்க்காரி. வயது முப்பத்துநான்கு. பின்னால் கொன்ஸ்டபிள் திலீபன், கையில் முறைப்பாட்டுப் புத்தகத்தோடு.

பணிப்பாளர் சிங்களத்தில் பேசினார். "வழக்கு முடிந்துவிட்டது. நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். பதினொன்றரைக்குக் கொழும்பு வாகனம் வருகிறது. தொண்ணூறு நாள் தடுப்புக் கட்டளை. தேசிய சொத்து, நாசவேலை."

"நீதவான்?"

"தேவையில்லை."

"பதினொன்றரை வரைக்கும் அவர் என் பொறுப்பு," என்றாள் அருந்ததி. "கையெழுத்தும் என்னுடையது."

பணிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான்கு மணித்தியாலத்தில் ஒரு பெண் பொலிஸ் என்ன செய்துவிட முடியும் என்பது அவர் முகத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

"மிஸ், பிளேன்ரீ."

தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியவன் சுமன். முரசுமோட்டை ஊர்க்காரன். பணியகத்தின் வாசலுக்கு எதிரே பட்டறை வைத்திருக்கிறான். மேடை, பந்தல், மலசலகூடம், ஓடுபாதைக் கம்பியைக் கட்டிய தூண்கள் எல்லாம் அவன் வேலைதான். எல்லாருக்கும் உதவுகிறவன். அன்று காலையும் குவியல்களைத் தேடும்போது பாதுகாப்பு ஊழியர்களுக்கு உதவியிருந்தான்.

"ஏன் நெல்லுக்குள்ள தேடினனீங்கள்?" அருந்ததி கேட்டாள்.

"வேற எங்க மிஸ் ஒளிக்கிறது? சுத்திவர வெறும் வெட்டை. பாவம் மனுசன், நல்லவர்தான். ஆனா இரும்பைக் கண்டால் கை நிக்காது போல."

"அவர்தான் வைச்சவர் எண்டு என்ன நிச்சயம்? படங்கைக் கிளப்பி ஆரும் வைக்கலாமே."

சுமன் சிரித்தான். "மிஸ்ஸுக்கு நான் சொல்லோணுமே? நீங்களும் வயல்காணியில வளர்ந்த ஆள். பின்னேரம் நெல்லைக் குவிச்ச உடன மேல குறி போடுவம். ஆரும் கை வைச்சால் குறி கலையும். இதைப் பாருங்கோ."

பாதுகாப்பு ஊழியன் ஒருவனின் கைத்தொலைபேசியை வாங்கிக் காட்டினான். படங்கை விலக்கியதும், கிளறுவதற்கு முன் எடுத்த படம். குவியலின் உச்சியில் சாம்பலால் ஒரு வட்டம், அதிலிருந்து கீழே மூன்று கோடுகள். ஒரு நெல்மணியும் அசையவில்லை.

"குறி கலையேல்லை. சாமான் உள்ளுக்கை கிடக்கு. அப்ப வைச்சது ஆர்? குறி போட்ட ஆள்தானே."

அருந்ததி அந்த வாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை தெரியவில்லை. தண்ணீரூற்றில் அவள் அப்பாவும் இதே வட்டமும் கோடுகளும்தான் போடுவார். பிளேன்ரீயைக் குடிக்காமல் மதிலில் வைத்தாள்.

காலை 8.05

கொக்கி ஒரு மேசையில் பொலித்தீன் சுற்றிக் கிடந்தது. கையளவு தடிப்பு, முனையில் வளைவு, கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை பட்டையாகப் பூச்சு. திலீபன் கை நீட்டினான்.

"தொடாதே!" என்றார் பணிப்பாளர். "வெளிநாட்டுத் தொழில்நுட்பம்."

திலீபன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பொருள் கிடைத்துவிட்டது," என்றாள் அருந்ததி. "திரும்பப் பூட்டினால் பதினொரு மணி நிகழ்ச்சி நடக்கும்தானே?"

"முடியாது. பழுதாகிவிட்டது. நிகழ்ச்சி ரத்து. அமைச்சரிடம் சொல்லியாகிவிட்டது."

"எந்த இடத்தில் பழுது?"

"கண்ணுக்குத் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாத பழுதை பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்த மனிதரை அருந்ததி ஒரு கணம் பார்த்தாள். பிறகு விமானத்தடிக்குப் போய்ப் போல்ட்டுகளைப் பார்த்தாள். ஒன்றின் தலையிலும் கீறல் இல்லை. அளவான போல்ட்டுச் சாவியால், அவசரமில்லாமல் கழற்றியிருந்தது.

"மேடம்," என்றான் திலீபன் மெதுவாக, "இருட்டுக்குள்ள களவெடுக்க வாறவன் போல்ட்டுக்குக் கடதாசி விரிப்பானே?"

"எழுது."

"கேள்வியாவோ, பதிலாவோ?"

"கேள்வியா எழுது. பதில் வரும்."

காலை 8.30

காவல் அறையில் வீரையா, உட்கார்ந்திருந்த இரும்பு வாங்கோடு சேர்த்து விலங்கிடப்பட்டிருந்தார். கீழுதடு வெடித்து, சட்டைக் கழுத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. அருந்ததி வாசலில் நின்ற ஊழியனைத் திரும்பிப் பார்த்தாள்.

"விழுந்திட்டார்," என்றான் அவன்.

"விலங்கோடயா?"

 அவள் விலங்கைக் கழற்றச் சொன்னாள். குரல் உயரவில்லை. இரண்டாவது தடவை சொல்லும் தேவையும் வரவில்லை.

"ராத்திரி எங்க இருந்தனீங்கள் ஐயா?"

"வீட்லதாங்க மிஸ். ஏழரைக்கே படுத்துட்டேன். இடுப்பு வலி."

"விமானத்துக்குக் கிட்டப் போனனீங்களோ?"

"பாஸ்ல என்னா எழுதியிருக்கு, அது வரைக்கும்தாங்க போவேன். நெல்லு வரைக்கும். அங்கிட்டுப் போனா சுடுவாங்கன்னு போர்டு இருக்கில்ல."

"கொக்கியைத் தெரியுமோ?"

"எல்லாரும் கொக்கி கொக்கிங்கிறாங்க. அது எப்படிங்க இருக்கும்? காட்டவே இல்லியே. காட்டாமலே அடிச்சாங்க."

அருந்ததியின் பேனை நின்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் களவுபோன பொருளை ஒருவரும் காட்டியிருக்கவில்லை. மாவட்டத்தில் இரும்பைப் பற்றி அதிகம் தெரிந்த மனிதர் அவர். அவரிடம் இரும்பைக் காட்டவில்லை.

காலை 8.55

கிழக்கு முனையில் வீரையாவின் குவியல் கிளறப்பட்டுக் கிடந்தது. சப்பாத்துத் தடங்கள் நெல்லின் மேலேயே இருந்தன. மனைவி தங்கம்மா சிந்தியதைக் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குவியல்காரி நேசமலர் ஒரு பால்மா டின்னைத் தூக்கிக்கொண்டு அருந்ததியை நோக்கி வந்தாள்.

"மிஸ், என்ர முறைப்பாட்டையும் எழுதுங்கோ."

"என்ன களவு போனது?"

"சாம்பல்."

திலீபன் சிரித்துக்கொண்டு புத்தகத்தை மூடினான்.

"என்ன தம்பி சிரிக்கிறீர்? குறி போடுற சாம்பல். அரிச்சு, டின்னில போட்டு, மூடி, குவியலுக்குப் பக்கத்தில வைச்சிட்டுப் போனனான். விடியப் பாத்தால் மூடி அங்கால, டின் இங்கால. அரைவாசியைக் காணேல்லை. கள்ளன் கொக்கியை எடுத்தான், சரி, அவனுக்கு என்ர சாம்பல் என்னத்துக்கு?"

"உங்கட குறி கலைஞ்சு கிடந்ததோ அக்கா?"

"இல்லை, அது அப்படியே. இந்த வரிசையில ஒருத்தற்ற குறியும் கலையேல்லை."

"எழுது," என்றாள் அருந்ததி.

"சாம்பலையோ மேடம்?"

"அரை டின்."

தங்கம்மா நிமிர்ந்தாள். அழுது முடித்த முகம். "அவர விட்டுருவாங்களா மிஸ்? கலப்பை கேட்டுப் போனதுக்கே கோவமாப் பேசினாங்கன்னு சொன்னாரு. ரெண்டு நாளா யாருகிட்டயும் பேசாமத்தான் கெடந்தாரு."

"என்ன கலப்பை?"

"உழவு மெசின்ல பூட்டுற ஒம்பது பல்லுக் கலப்பைங்க. நாங்க வாங்கினது இல்ல. இரும்பு பொறுக்குற எடத்துல ஒவ்வொரு பல்லாச் சேத்து, அவரே பூட்டினது. ஆறு வருசமாச்சு. சட்டம் உடைஞ்சிருச்சுன்னு சுமன் பட்டறையில குடுத்து ஒரு மாசமாவுது. போனா நாளைக்கு, நாளைக்குன்னு."

நெல்லைக் கூட்டி முடித்ததும் அவள் ஒரு சிறு வாளியை இழுத்தாள். அதற்குள் பச்சையாய்க் கரைத்த தண்ணீர். ஈர்க்குக் கட்டைத் தோய்த்து, குவியலின் மேல் மெல்ல உதறினாள். சாணி மணந்தது.

"அந்த வீட்டு ஆக்கள் அப்படித்தான்," என்றாள் நேசமலர். "எல்லாத்திலையும் அவைக்கு ஒரு முறை."

அருந்ததி அந்த ஈர்க்குக் கட்டையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சப்பாத்தைக் கழற்றினாள். குவியலின் பக்கவாட்டில் முழங்காலிட்டு, கொக்கி கிடந்த குழிக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். எதையோ எடுத்துக் கடித உறைக்குள் போட்டு மூடினாள். அவள் முகம் மாறியிருந்தது. ஆறு வருடமாக அவளோடு வேலை செய்யும் திலீபனுக்கு அந்த முகம் தெரியும். இரண்டடி விலகி நின்றான்.

காலை 9.40

பட்டறையில் சுமன் இல்லை. மேடையில் கதிரை அடுக்கப் போயிருந்தான். வேலைக்காரனும் இல்லை. வெல்டிங் பெட்டி, தூண்களுக்கு அடித்த கறுப்பு வெள்ளைப் பெயின்ட் வாளிகள், உடைந்த இரும்புக் கேற், மூலையில் ஒரு கலப்பை.

அருந்ததி கலப்பையின் பக்கத்தில் குந்தினாள். ஒவ்வொரு பல்லின் கழுத்திலும் அரத்தால் கீறியிருந்தது. முதலாவதில் ஒரு கீறு. இரண்டாவதில் இரண்டு. விரலால் தடவிக்கொண்டே போனாள். ஆறு கீறு. அடுத்த பல்லில் எட்டு.

இடையில் ஒரு வெற்றிடம்.

"திலீபன், இதைப் படம் எடு."

"எதை மேடம்?"

"இல்லாததை."

காலை 10.55

மேடையில் அமைச்சர். கீழே மூன்று தொலைக்காட்சிக் கமெராக்கள். பணிப்பாளர் ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்: தேசத்தின் பெருமையைப் பொறுக்காத ஒரு நாசகாரன் கொக்கியைத் திருடிப் பழுதாக்கிவிட்டான். விழிப்பான ஊழியர்கள் ஒரே மணித்தியாலத்தில் அவனைப் பிடித்தார்கள். பாதுகாப்புக் கருதி வேலியோரம் உள்ள மிச்சக் காணியையும் பணியகம் எடுத்துக்கொள்ள நேரிடும்.

கைதட்டினார்கள். பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்ற பதினான்கு குடும்பங்களும் தட்டவில்லை.

அருந்ததி வீரையாவின் முழங்கையைப் பிடித்தபடி மேடைக்கு முன்னால் வந்தாள். பின்னால் திலீபன், இரண்டு கையாலும் கொக்கியைத் தூக்கிக்கொண்டு. வெளிநாட்டுத் தொழில்நுட்பம் நல்ல பாரம்.

"கௌரவ அமைச்சர் அவர்களே, கொக்கி கிடைத்துவிட்டது. போல்ட்டுகளும் பத்திரம். பூட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். நிகழ்ச்சியை நடத்தலாம்."

அமைச்சர் மலர்ந்தார். "அப்படியா? நடத்துவோமே!"

"பழுது!" என்றார் பணிப்பாளர்.

"கண்ணுக்குத் தெரியாத பழுது," என்றாள் அருந்ததி. "விமானி பார்த்துச் சொல்லட்டும்."

விமானி இளைஞர். கொக்கியை வாங்கித் திருப்பினார். விரலால் முனையைத் தட்டினார். பணிப்பாளரைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார், கடைசியில் ஓடுபாதைக்குக் குறுக்கே கட்டியிருந்த கம்பியைப் பார்த்தார்.

"இதைப் பூட்டிக்கொண்டு நான் இறங்க மாட்டேன்," என்றார். "நேற்றுவரை இதைக் கிட்டப் போய்ப் பார்க்க என்னை விடவில்லை. எங்கள் அப்பாவுக்கு மதவாச்சியில் வயல் இருக்கிறது. இது என்னவென்று எனக்குத் தெரியும்."

"என்ன அது?" என்றார் அமைச்சர்.

"அதைச் சொல்ல உரிமை உள்ளவர் வேறு ஆள்," என்றாள் அருந்ததி. கொக்கியை வாங்கி வீரையாவின் முன்னால் வைத்தாள். "ஐயா, உங்களுக்கு இதை ஒருத்தரும் காட்டேல்லை. இப்ப பாருங்கோ."

வீரையா குனிந்தார். ஒரு கல்லை எடுத்து இரும்பில் இரண்டு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். வெடித்த உதடு மெல்லத் திறந்தது.

"இது ஏரோப்பிளேன் சாமான் இல்லீங்களே. இது என்னோட பல்லு."

பந்தலுக்கு வெளியே யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள்.

"கலப்பைப் பல்லுங்க. முனைய மட்டும் சூடு காட்டி வளைச்சிருக்காங்க. கழுத்துல பெயின்ட்டச் சொரண்டிப் பாருங்க, கீறு இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் மாதிரி நான் போட்டது."

அருந்ததி சாவியால் சுரண்டினாள். வெள்ளை உரிந்தது. கறுப்பு உரிந்தது. அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் துரு. துருவில் கீறுகள். உரக்க எண்ணினாள். ஏழு. திலீபன் கைத்தொலைபேசியில் இருந்த படத்தை அமைச்சரின் மூக்குக்கு நேரே நீட்டினான்: ஆறு, வெற்றிடம், எட்டு.

"இந்த விமானத்தில் கொக்கி ஒருநாளும் இருக்கவில்லை," என்றாள் அருந்ததி. "இருந்தது இது. கப்பல் இல்லாத நாட்டில் கொக்கியை ஒருவரும் சோதிக்கப் போவதில்லை என்று நம்பிப் பூட்டினார்கள். ஆனால் நீங்கள் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டீர்கள். கம்பியில் பட்டதும் முறிந்திருக்கும். அதனால் பதினொரு மணிக்கு முன் இது களவுபோக வேண்டியிருந்தது. களவு என்றால் ஒரு கள்ளன் வேண்டும்."

"எல்லாம் கற்பனை!" என்றார் பணிப்பாளர். "குவியலுக்குள் வைத்தது அந்த ஆள்தான். குறி கலையவில்லை. சுமனே விளக்கினான்."

"ஆம், விளக்கினார். அவர் விளக்கியதால்தான் பிடிபட்டார்."

சுமன் கதிரை அடுக்குவதை நிறுத்தினான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். இனிச் சிங்களம் தேவையில்லை. "சுமன், குவியலுக்கை சாமானை வைச்சது பணியகத்து ஆள் எண்டால் என்ன செய்திருப்பான்? நெல்லை மூடிப்போட்டுப் போயிருப்பான். அவனுக்குக் குறியும் தெரியாது, கிறியும் தெரியாது. ஆனா வைச்ச ஆள் மினக்கெட்டு, பக்கத்தில இருந்த நேசமலர் அக்கான்ர டின்னைத் திறந்து, சாம்பல் எடுத்து, வட்டம் போட்டு, மூண்டு கோடும் இழுத்திருக்கிறான். குவியலை மூடினால் கை தானாச் சாம்பலுக்குப் போகும். அது வயல்காரன்ர கை. நானும் அப்படித்தான் செய்திருப்பன்."

"இஞ்ச எல்லாரும் வயல்காரர்தானே மிஸ்!" சுமனின் குரல் உடைந்தது. "பக்கத்துக் குவியல்காரர் பதின்மூண்டு பேர் நிக்கினம்!"

"நிக்கினம். நேசமலர் அக்கா, வீரையா ஐயா குவியலுக்கு என்னத்தால குறி போடுறவர்?"

"சாணித் தண்ணி," என்றாள் நேசமலர் உடனே. "ஊருக்கே தெரியுமே."

"ஏன் ஐயா சாம்பல் போடுறதில்லை?"

வீரையா கூச்சத்தோடு சொன்னார். "சாம்பலு திருநூறு மாதிரிங்க. விடிஞ்சதும் நெல்லக் காலாலதான கிண்டுவோம். திருநூற மிதிக்கிற மாதிரி இருக்கும்னு வீட்டுக்காரி விட மாட்டா. நாங்க சாணிக் கரைசல்தான்."

அருந்ததி கடித உறையைக் கவிழ்த்தாள். உள்ளங்கையில் சில நெல்மணிகள், காய்ந்த சாணியால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாய்.

"உச்சியில இருக்கவேண்டிய இது, கொக்கி கிடந்த குழிக்கை, இரண்டடி ஆழத்தில கிடந்தது. ஐயான்ர குறியை உடைச்சுத் தோண்டி, சாமானை வைச்சு, மேல வேற ஆள் வேற குறி போட்டிருக்கிறார். இருட்டுக்கை காய்ஞ்ச சாணி நெல்லின்ர நிறந்தானே, தெரிஞ்சிருக்காது. பணியகத்து ஆளுக்குக் குறி போடத் தெரியாது. இந்தப் பதின்மூண்டு பேரும் ஐயான்ர குவியலுக்குச் சாம்பல் போட மாட்டினம். குறி தெரிஞ்ச, ஆனா வீரையா வீட்டு முறை தெரியாத ஒரு ஆள்தான் மிச்சம். முரசுமோட்டையில வயல்காரற்ற மகன். பட்டறையில அவற்ற கலப்பையை ஒரு மாசமா வைச்சிருக்கிற ஆள்."

சுமன் பணிப்பாளரைப் பார்த்தான். பணிப்பாளர் மேகத்தைப் பார்த்தார்.

"பணிப்பாளர் சேர்தான் சொன்னவர்!" சுமன் கத்தினான். "கொக்கி தனியா வாங்கோணுமாம், வாங்கேல்லையாம். பார்வைக்கு ஒண்டு செய்து தா எண்டார். செய்து குடுத்தன். பிறகு கழட்டி எங்கயாவது வை எண்டார். ஆற்ற தலையில போடுறதெண்டு என்னைத்தான் யோசிக்கச் சொன்னவர்."

"பதினாலு குவியல் இருந்தது," என்றாள் அருந்ததி. "ஏன் வீரையா ஐயான்ர குவியல்?"

சுமன் தலை குனிந்தான். "அவர்தான் ஒவ்வொரு நாளும் வந்து கலப்பையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்."

 தங்கம்மா வெயிலில் இருந்து நடந்து வந்தாள். அவள் சுமனை அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கணவனின் சட்டைக் கழுத்தில் இருந்த இரத்தத்தைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் பார்த்தாள். அது காய்ந்துபோயிருந்தது.

காலை 11.20

பணிப்பாளருக்கு நெஞ்சு நோவு வந்தது.

கைது என்ற சொல்லை அருந்ததி சொல்லி முடிக்கவும் நோவு தொடங்கவும் சரியாக இருந்தது. அமைச்சர், இது ஒரு தனிப்பட்ட சம்பவம் என்று கமெராவுக்குச் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார். முல்லைத்தீவு வைத்தியசாலை கிட்ட என்றாள் அருந்ததி. கிளிநொச்சியும் கிட்ட என்றாள். பணிப்பாளரின் நெஞ்சு கொழும்பைத்தான் கேட்டது. அவரைப் போகவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவள் "சேர்" என்றாள், "சேர்" என்றாள், பிறகு தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டாள். விமானிக்கும் ஒரு தொலைபேசி வந்தது. அவர் அவளைப் பார்க்காமல், பணிப்பாளரோடு விமானத்தில் ஏறினார்.

சாகரராஜா முக்கிய அதிகாரி ஒருவரை ஏற்றிச் சென்ற முதற் பயணம் அது. விளம்பரத்தில் அந்த ஒரு வரியாவது உண்மையாயிற்று.

ஓடுபாதையின் முழு நீளமும் வேண்டுமென்று விமானம் கிழக்கு முனையில் வந்து திரும்பி, வாலை நெற்குவியல்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நேசமலர் கையை வீசிக் கத்தினாள். இயந்திரம் இரைந்தது. பதினான்கு படங்குகளும் ஒன்றாய் எழும்பின. படங்குகளுக்குக் கீழே இருந்த ஒரு போகம் முழுவதும் வேலியைத் தாண்டி, முட்கம்பியைத் தாண்டி, "உட்செல்லத் தடை" பலகைக்கு அங்கால் போய் விழுந்தது. அங்கே போவதற்குப் பாஸ் இல்லை.

மதியம் 12.10

அருந்ததி ஓடுபாதையிலேயே சம்மணமிட்டிருந்து, புத்தகத்தை மடியில் வைத்து எழுதினாள். சுற்றிவரப் பதினான்கு குடும்பங்களும் குந்தியிருந்து தார் வெடிப்புகளுக்குள் இருந்து நெல் பொறுக்கிக்கொண்டிருந்தன. சுமன் விலங்கோடு திலீபனின் பக்கத்தில் நின்றான். அவனுடைய காலடியிலும் நெல் கிடந்தது. நேசமலர் அவன் காலைத் தட்டி விலக்கிவிட்டு அதையும் பொறுக்கினாள்.

காலையில் வீரையாவின் பெயர், குற்றம் சாட்டப்பட்டவரை எழுதும் 'எதிரி' என்ற இடத்தில் இருந்தது. அருந்ததி அதை வெட்டி, மேலே கொண்டுபோய் எழுதினாள். முறைப்பாட்டாளர்: வீரையா. களவுபோன பொருள்: கலப்பைப் பல் ஒன்று, இலக்கம் ஏழு. அடித்துக் காயப்படுத்தியது வேறாக.

"என்ர சாம்பலையும் விட்டிடாதேங்கோ மிஸ்," என்றாள் நேசமலர், நிமிராமலே. "அரை டின்."

"எழுதியாச்சு அக்கா."

வீரையா பக்கத்தில் வந்து குந்தினார். கைநிறைய நெல்லும் கல்லும். "மிஸ், அந்தப் பல்ல எப்பத் தருவாங்க?"

"அது சான்றுப்பொருள் ஐயா. வழக்கு முடியத்தான்."

"எப்ப முடியும்?"

அருந்ததி தன் பக்கம் கிடந்த நெல்லை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். வீரையா கையில் இருந்ததை ஊதினார். கல் நின்றது, நெல் போனது. மறுபடி பொறுக்கினார்.

"சித்திரைல உழவு இருக்கு," என்றார். "எட்டுப் பல்லோடத்தான் உழணும்."

அவள் குனிந்து எழுதினாள். முதலாம் எதிரி: சுமன், முரசுமோட்டை. இரண்டாம் எதிரி: பணிப்பாளர். தற்போதைய இருப்பிடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றாள். பிறகு 'வானம்' என்று எழுதினாள். பேனை கடதாசியைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும் போனது.